மைனஸ் இல்லாத குளிர்

"ஸ்க்ரீன் பூரா என்னம்மா இத்தனை மைனஸ்? பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்துல இருந்து வர்றாங்க. நாம பின்னால போய்க்கிட்டு இருக்கோம்னு நினைக்க மாட்டாங்களா?"

ஐஸ்கிரீம் கிடங்கின் மேனேஜர் சொன்னால் சொன்னதுதான். மைனஸ் பதினெட்டு என்றால் குறை இல்லை, குளிர் என்று புரோகிராமர் விளக்கிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் சேர்ந்து ஆறு மாதம். வேலையை நிரந்தரமாக்கும் தாளில் இன்று மாலை அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கணிதமாவது மண்ணாங்கட்டியாவது என்று உட்கார்ந்தாள்.

பத்துக் குளிர் அறைகள், பதினோராவதாக மேனேஜரின் அறை. எல்லா வெப்பநிலைகளும் வரிசையாக ஒரே அரேயில், அதாவது ஒரே எண் பட்டியலில் இருந்தன. எண்ணின் குறியைக் கழற்றிவிட்டு அளவை மட்டும் தரும் ஏபிஎஸ் ஃபங்ஷனை மொத்த அரேக்கும் ஒரே வரியில் போட்டாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

அரை மணி நேரத்தில் எண்கள் இருபத்தைந்தைத் தொட்டன. பிறகு முப்பது. சுமை தூக்குகிறவர் வந்து, மூன்றாம் அறையில் தன் கையுறை பெட்டியோடு ஒட்டிக்கொண்டதாகவும், அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் மீட்டுக்கொண்டு வந்ததாகவும் முறையிட்டார். கப் ஐஸ்கிரீம் கைதவறி விழுந்ததில் தரை ஓடு உடைந்துவிட்டதாம்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரைக்குப் போகும் அதே எண்கள்தான் மெஷின் ரூமுக்கும் போகின்றன. பதினெட்டைக் கண்டதும், அய்யோ சூடு என்று அங்கே இருக்கும் குளிரூட்டும் கருவி குளிரைக் கூட்டுகிறது. குளிரக் குளிர எண் ஏறுகிறது. எண் ஏற ஏற இன்னும் குளிர்கிறது. கருவிக்கு என்ன தெரியும், பாவம்.

மேனேஜரின் திரையை அப்படியே விட்டுவிட்டு, மெஷின் ரூமுக்குப் போகும் அரேக்கு மட்டும் முன்னால் ஒரு மைனஸைப் போட்டாள். குளிர் அறைகள் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தன. அப்பாடா என்று தண்ணீர் குடிக்கப் போனாள்.

பதினோராவது அறை அவள் நினைவிலேயே இல்லை.

மேனேஜரின் அறையில் இருபத்துநான்கு டிகிரி இருந்தது. மெஷின் ரூமுக்கு அதுவும் மைனஸ் இருபத்துநான்காகப் போயிற்று. உள்ளே தலைமை அலுவலகத்துக்காரர்கள் மூன்று பேர் கோட்டைக் கழற்றியிருந்தார்கள். பிறகு டையை. ஒருவர் ஷூவையும். மேனேஜர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கிடங்கின் குளிரூட்டும் திறனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக் கதவு வழியே அவளை ஒரு பார்வை பார்த்தார். அதில் கையெழுத்து எதுவும் தெரியவில்லை.

மெஷின் ரூமுக்கு ஓடினாள். அங்கே ஸ்வெட்டர் போட்ட மெக்கானிக் ஒருவர் சின்னத் திரை ஒன்றைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து கருவிக்குப் போகும் வயர் எது, உடனே அதைப் பிடுங்க வேண்டும் என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"வயரா? அது அறுந்து ரெண்டு வருஷம் ஆச்சேம்மா, இந்த நம்பரைப் பார்த்து நான்தான் குமிழைத் திருகிட்டு இருக்கேன். மேனேஜர் ரூம் மைனஸ் நாப்பதாம், பாவம், இன்னும் கொஞ்சம் சூடு வைக்கட்டுமா?"