சனிக்கிழமைக் களிம்பு

தராசுக்குப் பின்னால் கிடந்த பொட்டலத்தைப் பார்த்ததும் கம்பவுண்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அவரே நிறுத்து, அவரே மடித்து, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாது என்று அவரே ஒதுக்கி வைத்த அரிப்பு மருந்துப் பொடி. சனிக்கிழமை காய்ச்சிய களிம்பில் சேர்ந்திருக்க வேண்டியது. இன்று திங்கள். பொட்டலம் இங்கே இருக்கிறதென்றால், பதினெட்டு டப்பாக்களில் ஊருக்குள் போயிருப்பது வெறும் மெழுகும் எண்ணெயும்தான்.

பதினொரு வருடமாக அந்தக் கிளினிக்கில் களிம்பு அவருடைய கைவேலை. பொடியை மூன்று முறை நிறுப்பார். மெழுகை உருக்கி எண்ணெய் விட்டு, ஒரே திசையில் முக்கால் மணி நேரம் கிண்டுவார். அப்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "நம்ம கம்பவுண்டர் கை தப்பாது" என்று டாக்டரம்மாவே எல்லாரிடமும் சொல்வார். போன வருடம் மாத்திரையை மாற்றிக் கொடுத்த நர்ஸை அன்று மாலையே வேலையைவிட்டு அனுப்பியதும் அதே டாக்டரம்மாதான். கம்பவுண்டருக்கு வேறு வேலை தெரியாது. இந்த வயதில் யார் கொடுப்பார்கள்?

டப்பாக்களைத் திரும்ப வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. களிம்பு வாங்கியவர்களை எழுதி வைக்கும் நோட்டைப் பார்த்து முதலில் இஸ்திரிக் கடைக்குப் போனார்.

"அண்ணே, சனிக்கிழமை வாங்கின களிம்பைக் குடுங்க. வேற டப்பா தர்றேன்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எதுக்கு?"

"அது சரியில்ல."

"என்ன சரியில்ல? ரெண்டே நாள்ல கை எப்படி ஆயிருக்கு, பாருங்க." விரல் இடுக்குகளை விரித்துக் காட்டினார். புண் நன்றாகவே ஆறியிருந்தது.

கம்பவுண்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "மருந்து கொஞ்சம் ஜாஸ்தியா விழுந்துடுச்சு."

"அதானே பார்த்தேன்!" இஸ்திரிக்காரர் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டார். "தலைகீழா நின்னாலும் தரமாட்டேன்."

மதியத்துக்குள் எட்டு வீடு ஏறி இறங்கினார். ஒரு டப்பாகூடத் தேறவில்லை. அவருக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி வீட்டில் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "தீர்ந்துடுச்சே" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் அரிப்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் சனிக்கிழமைக் களிம்பு வேண்டுமாம்.

கம்பவுண்டர் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாகக் காய்ச்சினார். இந்தத் தடவை புதிதாக நிறுத்து மடித்த பொட்டலத்தைக் கீழேயே வைக்கவில்லை. இடது கையில் அதைப் பிடித்தபடி வலது கையால் கிண்டினார். பொடி முழுவதும் உள்ளே விழுவதைக் கண்ணாரப் பார்த்தார். சரியான களிம்பை ஆளுக்கொரு டப்பாவாகக் கொடுத்தனுப்பிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

புதன்கிழமை காலையில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள்.

"என்னங்க, இப்படி எரியுது?" என்று இஸ்திரிக்காரரின் மனைவி சிவந்துபோன முழங்கையை நீட்டினாள். "இத்தனை வருஷமா உங்ககிட்டதான் வாங்குறோம். ஒருநாளாவது எரிஞ்சிருக்கா?"

"மருந்துன்னா கொஞ்சம் எரியத்தான்மா செய்யும்."

"பாவம், வயசாயிடுச்சு. கை தடுமாறுது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தப்பாகச் செய்ததற்கு வரிசையில் நின்றவர்கள், சரியாகச் செய்ததற்குப் பரிதாபப்படுகிறார்கள். சனிக்கிழமைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தார்.

"போன சனிக்கிழமை இதைச் சேர்க்க மறந்துட்டேம்மா. மறைக்கவும் பார்த்தேன். என்னை அனுப்பிடுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம்," என்றார். "பதினொரு வருஷத்துல முதல் தப்பு. மனுஷன்னா ஒரு தடவை மறக்கமாட்டானா? போய் வேலையைப் பாருங்க."

கம்பவுண்டர் அங்கேயே நின்று குழந்தை மாதிரி அழுதார்.

ஐந்து நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த துப்புரவுக்கார அம்மா, தரை துடைப்பதை நிறுத்திவிட்டு மேசையை எட்டிப் பார்த்தாள்.

"அட, இந்தப் பொட்டலத்துக்கா சார் அழறீங்க? சனிக்கிழமை சனிக்கிழமை மேசையைத் துடைக்கிறப்போ தராசுக்குப் பின்னாடி ஒண்ணு கிடக்கும். ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போடல, எல்லாத்தையும் கீழ் டிராயர்ல பத்திரமா அடுக்கி வச்சிருக்கேன்!"