நஞ்சம்மாளுக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும்?

குன்னத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

மரியாதைக்குரிய மச்சான் ஆத்தப்பன் அவர்களுக்கு மயில்சாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை நஞ்சம்மாளும் மாடுகள் நான்கும் சுகம். அங்கே தாங்களும் அக்காவின் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவிநாசி இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம், இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நஞ்சம்மாள் காதில் விழும். விழுந்தால் காரியம் கெட்டுவிடும். இருபத்தெட்டு ஆண்டு ராணுவத்தில் இருந்த சுபேதார் நீங்கள். "பெண்களுக்குச் சின்னத் துப்பாக்கிதான் ஏற்றது" என்று ஒரு வரி அவளுக்கு எழுதினால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் நான் ஒரு அங்குலமும் பின்வாங்குவதாக இல்லை.

பக்கத்துத் தோட்டத்து மயிலாளுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டப்பகலில் பைக்கில் வந்த இரண்டு பேர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். அவள் சொம்பை நீட்டியதும் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் ஏழு தையல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நஞ்சம்மாள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் அன்று திருப்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "கத்தோணும்னு நெனச்சனுங்க. சத்தமே வரலீங்க. காலும் நகரல. இன்னொருக்கா அப்பிடி மரமாட்ட நிக்க மாட்டன். எனக்கொரு துப்பாக்கி வேணும்" என்றாள். நான் சிரித்தேன். அதன் பிறகு மூன்று நாள் எனக்கு வெறும் ரசம்தான். நான்காம் நாள், சரி, வாங்கலாம் என்றேன். ஆனால் எதை வாங்குவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்றும் சொன்னேன்.

உங்களுக்கே தெரியும், முப்பத்திரண்டு ஆண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அளவு சரியாக இருந்தால்தான் எந்தப் பொருளும் ஆளுக்குப் பொருந்தும். ஆகவே டேப்பை எடுத்து, அவள் மாட்டுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருக்கும்போதே தோளிலிருந்து மணிக்கட்டு வரை, உள்ளங்கை அகலம், ஆள்காட்டி விரல் நீளம் எல்லாம் அளந்து கட்டம் போட்டு எழுதினேன். "ஏனுங்க, துப்பாக்கிக்கு எதுக்குங்க இடுப்பளவு?" என்றாள். அது பழக்கதோஷத்தில் எடுத்தது.

அந்தத் தாளோடு கோயமுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். முதலாளி முருகேஷ் தங்கமான மனிதர். "லேடீஸ் மாடல்ல மீடியம் சைஸ் காட்டுங்க. வெளிர் கலரா இருந்தா நல்லது" என்றேன். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல லேடீஸ் ஜென்ட்ஸ்னெல்லாம் இல்லீங்களே. குண்டுக்கு ஆள் தெரியாதுங்க" என்றார். இருந்தாலும் என் மனசு நோகக் கூடாதென்று, குண்டில்லாத சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றைத் திறந்து காட்டி மேசைமேல் வைத்தார். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஹேண்ட்பேக்கில் அடங்கும் என்றேன். "என்ற கிட்ட ஹேண்ட்பேக்கே இல்லீங்களே" என்றாள் நஞ்சம்மாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எடுத்து நீட்டுனா, என்னமோ குடுக்கறம்னு அவனுக கைய நீட்டி வாங்கிக்குவானுங்க" என்றாள். விசை எப்படி இருக்கிறதென்று நான் ஒரு விரலால் இழுத்தேன், நகரவில்லை. இரண்டு விரலால் இழுத்தேன், முருகேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் நான்கு மாடு கறக்கிற கை உங்கள் தங்கையுடையது. சும்மா தொட்டாள், டக்கென்றது. அதற்குமேல் முருகேஷ் எனக்கு எதிராகவே பேச ஆரம்பித்தார். "சின்னது கையிலயே உதைக்குமுங்கம்மா. நீளமானதுன்னா தோள்ல அண்டக் குடுத்துக்கலாம், குறியும் ஆடாது" என்று இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துவந்தார். அவள் அதைத் தோளில் வைத்துச் சுவரைப் பார்த்தாள். "இதுதானுங்க" என்றாள். இவ்வளவு நீளத்தை வீட்டில் எங்கே வைப்பாய் என்று மடக்கினேன். "பீரோவுலதான். உங்க கல்யாணக் கோட்டத் தூக்கிப் போட்டா எடமிருக்குது" என்றாள். மச்சான், அந்தக் கோட்டு நீங்கள் வாங்கிக் கொடுத்தது!

அடுத்தது பயிற்சி. ரைபிள் கிளப்பில் சொல்லிக்கொடுப்பது அன்புசெல்வி என்ற சின்னப் பெண். முதலில் நான் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரி தொடுவாள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "அங்கிள், கண்ண மூடாதீங்க" என்று அந்தப் பெண் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் கண் அதற்குள் மூடிவிட்டது. என் குண்டு பக்கத்து ஆளின் குறி அட்டையில் போய் விழுந்தது. அதுவரை ஒன்றுகூடப் படாமலிருந்த அவர் எழுந்துவந்து எனக்குக் கை கொடுத்தார். பிறகு நஞ்சம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு சட்டைப் பட்டன் அளவு இடத்துக்குள். "அம்மா, இதுக்கு முன்னால சுட்டிருக்கீங்களா?" என்று அன்புசெல்வி கேட்டாள். "இல்ல கண்ணு. அடுப்புல பால் வெச்சா பொங்கற வரைக்கும் கண்ண எடுக்க மாட்டன், அவ்வளவுதான்" என்றாள் இவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மயிலாள் கழுத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை மச்சான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது லைசென்ஸ் படிவம் என் மேசையில் இருக்கிறது. எல்லாம் பூர்த்தியாகிவிட்டது, எந்த வகைத் துப்பாக்கி என்ற இடம் மட்டும் காலி. நாளை காலை கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். நான் பென்சிலில் 'கைத்துப்பாக்கி, சிறியது' என்று எழுதுகிறேன், அவள் அழிக்கிறாள். ஆறு முறை ஆகிவிட்டது, தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. ஆறாம் முறை நேராகவே கேட்டேன், "ஏம்புள்ள, நெசமாலுமே ஒரு ஆளச் சுட்டுருவியா?" "சுடறதுக்கில்லீங்க. ஒருத்தன் வந்து நின்னா என்ற காலு நடுங்காம நானும் நிக்கறதுக்கு" என்றாள். நான் பென்சிலைச் சீவினேன். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. உங்கள் கடிதம் கையில் கிடைக்கும்வரை, வயிற்று வலி என்று சொல்லியாவது கலெக்டர் ஆபீஸ் போவதைத் தள்ளிப்போடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, வேளைக்குச் சாப்பிட்டு, போனைக் கீழே வைத்து நூறாண்டு வாழட்டும். அவிநாசியப்பர் உங்களையும், உங்கள் மூலமாக என்னையும் காப்பாராக.

என்றும் தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மயில்சாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வாங்கி முழுவதும் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. என் மேசையில் இருப்பது ஜெராக்ஸாம். அசலை இரட்டைக் குழல் என்று பேனாவில் எழுதிப் போன மாதமே கொடுத்தாயிற்றாம். கூடவே போய், காபி வாங்கிக் கொடுத்து, கொண்டுவந்து விட்டது நீங்களாம்! நான் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் போலீஸ் விசாரணையும் முடிந்துவிட்டதாம். "வீட்டுக்காரர் எப்படிங்கம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "தங்கமானவருங்க, ஒண்ணும் தெரியாது" என்றாளாம். அவரும் அப்படியே எழுதிக்கொண்டாராம். லைசென்ஸ் நேற்றுத் தபாலில் வந்து அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் மட்டுமே இதை அனுப்புகிறேன். நீங்கள் பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம். "அவ சொல்றதக் கேளுங்க மாப்பிள்ளை" என்று உங்கள் சார்பில் நானே எனக்கு எழுதிக்கொண்டேன்.