ஆறாம் விரற் பெரும்போர்

"உள்ள ஒண்ணுமே இல்லாத நாலு அட்டைப் பெட்டிக்கு ஒரு ரூமு. வேலை பாத்துச் சம்பாதிக்கிறவளுக்குச் சாப்பாட்டு மேசையில ஒரு மூலை. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

"அட்டைப் பெட்டின்னு சொல்லாத! வாய் கூசலையா உனக்கு?"

"கூசலை. சன்னலைத் திறந்து வெச்சே சொல்றேன். அட்டைப் பெட்டி! அட்டைப் பெட்டி!"

இங்ஙனம் மூன்றாம் மாடியிற் கிளர்ந்த முரசொலி படிக்கட்டு வழியே அருவியென இறங்கி, இரண்டாம் மாடியில் துணி உலர்த்தியோர் கைகளை அந்தரத்தில் நிறுத்தி, தரைத்தளத்தில் செய்தித்தாள் விரித்திருந்தோர் செவிகளை மேல்நோக்கித் திருப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலே, இக்காதைத் தலைவனைப் போற்றித் தொடங்குவோம்.

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையின் காவலன்! ஊரார் கண்களுக்கெல்லாம் ஒளி தந்து தன் மனைவியின் கண்ணில் மட்டும் பொறி பறக்கவைத்த பெருந்தகை. அரைநூற்றாண்டுக்கு முன் தகரத்தால் வார்க்கப்பட்டு, சிவந்த மூக்கும் மூன்று சக்கரமும் பூண்டு, தரையில் உரசிவிட்டால் கட்டிலடி வரை சீறிப்பாயும் 'விண்கழுகு' என்னும் பொம்மை விண்கப்பலின் ஏகபோக பக்தன். அக்கட்டடத்தார் முகத்துக்கு நேரே 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னே 'ராக்கெட்டார்' என்றும் வழங்கும் இருபெயர் வேந்தன் வாழ்க!

கப்பல் ஒன்றுதான். அது விற்பனைக்கு வந்த பெட்டிகளோ நான்கு. கருநீல வானம் அச்சிட்ட பெட்டி, வெளிர்நீல வானம் அச்சிட்ட பெட்டி, முகப்பில் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டி, மேல்மூடி இடப்பக்கம் மடியாமல் வலப்பக்கம் மடியும் பெட்டி. இந்நான்கும் வெயில் படாத, ஈரம் புகாத, விருந்தினர் நுழையாத தனியறையிலே அடுக்குப்பலகைமேல் அரியணை கொண்டிருந்தன. அவற்றைத் தொடுமுன் கைகழுவ வேண்டும்; தொட்டபின் மூச்சு விடலாம். அவ்வறைக்கு வெளியே, அச்சகங்களுக்குப் பிழைதிருத்திக் கொடுக்கும் மனையரசி, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே தாள்களை விரித்து, பதினொரு ஆண்டுகளாகச் சிவப்பு மையும் உணவுக்கறையும் எது எதுவென்று பிரித்தறியும் தவம் இயற்றிவந்தாள்.

ஐந்தாவதாக ஒரு பெட்டி உண்டு. அப்பெட்டியின் முகப்பிலே, கப்பலின் வட்டச் சன்னல் வழியே கையசைக்கும் விண்வீரனுக்கு விரல் ஆறு. படம் வரைந்தவன் கவனம் எங்கு போயிற்றோ, அறியோம். முதல் அச்சு முடிந்தபின் தொழிற்சாலை விழித்துக்கொண்டு, அடுத்த அச்சிலே ஒரு விரலைக் களைந்துவிட்டது. ஆதலால் ஆறு விரற் பெட்டி உலகில் எத்தனை எஞ்சியது என்று சேகரிப்போர் தமக்குள் கிசுகிசுப்பார்களேயன்றி எவரும் கண்ணாரக் கண்டதில்லை.

நம் தலைவன் கண்டுவிட்டான். சனிக்கிழமை மாலை, எதிர்ச்சாரித் தையற்கடையிலே, தைப்பவளின் இயந்திரத்துக்குப் பக்கத்திலே, பொத்தான்கள் நிறைந்து, ஒரு மூலை கிழிந்து, அப்பெட்டி வீற்றிருந்தது. கண்டதை மறைத்து வைத்திருந்தால் இக்காதையே இல்லை. ஆனால் மனைவியின் வாய்வீச்சில் தடுமாறிய மறவன், அந்த ஞாயிறன்று உரத்த குரலில் வஞ்சினம் கூறினான்:

"அஞ்சாவது பெட்டி எதிர்க்கடையில இருக்கு. வர்ற சனிக்கிழமைக்குள்ள இந்த வீட்டுக்கு வரும். வந்துட்டா ரூம் பேச்சை நீ எடுக்கவே கூடாது. வரலைன்னா அந்த ரூமை நீயே எடுத்துக்கோ!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

"சரி. சனிக்கிழமை மேசை அளவெடுக்கத் தச்சரை வரச் சொல்லிடறேன்" என்று மனையரசி அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்தாள்.

இவ்வஞ்சினம் ஒலித்தபோது வீட்டில் மூன்று பேர் இருந்தனர் என்பதே வினை. மூன்றாமவன், அங்கே மூலையில் தேநீர்க் குவளையோடு அமர்ந்திருந்த மனைவியின் தம்பி. முதல் மாடிவாசி, லிஃப்ட் மெக்கானிக், நாற்பது வயது கடந்தும் மணமாகாதவன், நாள்தோறும் பிறரை உயரத்தில் ஏற்றிவிட்டுத் தான் தரையில் நிற்கும் தியாகி. அவனிடத்தும் ஒரு விண்கழுகு உண்டு, பெட்டிகள் மூன்று உண்டு. அத்தானுக்கு ஒன்று கூடுதல் என்பது அவன் நெஞ்சில் எட்டாண்டாக உறங்காத முள். அவன் குவளையைக் கீழே வைத்தான். "வேலை இருக்கு, வர்றேன்க்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு என்ன வேலை என்று அக்காள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இனிப் போர்.

சேகரிப்போர் குலத்துக்கு ஒரு மறை உண்டு. எப்பொருள் வேண்டுமோ அப்பொருளைப் புகழாதே, பழித்துரை. கண்களில் ஆசை தெரிந்தால் விற்பவர் கை இறுகும். ஆகவே உள்ளம் உருக, உதடு சுளிக்க வேண்டும். மறைவழுவாத் தலைவன் திங்கட்கிழமை காலை, நன்றாயிருந்த பேன்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கடை புகுந்து, அரை அங்குலம் குறைக்கச் சொல்லிவிட்டு, தற்செயலாய்ப் பார்த்தவன்போல் முகம் சுளித்தான்.

"இது என்னங்க பெட்டி? அந்த ஆளு கைய பாருங்க, ஆறு விரல். கொஞ்சங்கூட நல்லா இல்ல. தூக்கிப் போட்டுடுங்க. உங்களுக்குப் புதுசா ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கித் தர்றேன்."

அவள் பல்லிடுக்கிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கட்டும்ங்க. பட்டன் வெக்கத் தோதா இருக்கு."

அன்று மாலையே வந்தான் மெக்கானிக். நல்ல சட்டையொன்றின் எல்லாப் பொத்தான்களையும் தன் கையாலேயே பிய்த்தெறிந்துவிட்டு வந்த தியாகம் அது. பொத்தான் தேடுவதற்காவது அவள் அப்பெட்டியைக் கையில் எடுப்பாளே! எடுத்தாள். அவன் விழிகள் அம்பெனப் பாய்ந்தன. விரல்களை எண்ணினான். ஆறு. நெஞ்சம் இயந்திரத்தின் தாளத்துக்கு மேலே அடித்தது. உதடோ மறையைக் காத்தது: "அசிங்கமா இருக்குங்க அந்தப் படம். கண்ணுக்கே ஒரு மாதிரி பண்ணுது."

செவ்வாயன்று தலைவன் அதே பேன்ட்டை மேலும் ஓர் அங்குலம் குறைத்தான். மெக்கானிக் இரண்டாம் சட்டையைப் பலியிட்டான். புதனன்று தலைவனின் கணுக்கால் உலகறிய வெளிப்பட்டது. அவனது கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கண் பரிசோதனையின்போது எழுத்தைப் பார்க்காமல் அதையே பார்த்தார். மெக்கானிக் மூன்றாம் சட்டையோடு வந்து, தைத்து முடியும் வரை முக்காலியில் அமர்ந்தான். இயந்திரத்தின் பட்டை வழுக்குகிறதென்று தானே இறுக்கிக்கொடுத்தான். அவள் தேநீர் தந்தாள். இச்செய்தி அன்று மாலையே கட்டடம் முழுவதும் அறிந்ததாயிற்று. எப்படி அறிந்ததென்று கேட்காதீர்கள். தையற்கடைக்கு நேரெதிரே சன்னல் வைத்துக் கட்டியது கட்டியவன் குற்றம்.

வியாழன் பிற்பகல். கடைவாசலின் அகலம் ஒரு முழமும் ஒரு சாணும். அவ்வொடுங்கிய களத்திலே, வடதிசையினின்று பேன்ட்டும் தென்திசையினின்று சட்டையும் ஒரே கணத்தில் வந்து முட்டின. இரு மதயானைகள் ஒரு துறையில் நீருண்ண நெருங்கியதுபோல், தோளும் தோளும் உரசின, முழங்கையும் நிலையும் மோதின, செருப்பொன்று கழன்று சாலையிற் புரண்டது.

"நகரு மாப்ளே! எனக்கு அவசரம்!"

"என்ன அத்தான் அவசரம்? அந்த பேன்ட்ல இனி குறைக்க என்ன இருக்கு? அரைக்கால் சட்டையா ஆகிடுச்சே!"

"உன் சட்டையில பட்டன் மட்டும் தானா விழுதாக்கும்?"

"நான் இந்தக் குப்பைப் பெட்டிக்காக வரல!"

"நான் மட்டும் வர்றேனா? ஆறு விரல் பெட்டி யாருக்கு வேணும்? இலவசமாக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்!"

"நான் கையாலயும் தொட மாட்டேன்! அந்த ஆறாவது விரல் இருக்கே, அதப் பாத்தா சோறு இறங்காது!"

ஒருவனை ஒருவன் பழிப்பில் வென்றிட, பழிக்குப் பழி, இழிசொல்லுக்கு இழிசொல் எனச் சரமாரி பொழிந்தார்கள். அகிலத்தில் எவ்வகைப் பெட்டியும் அதற்குமுன் அத்தனை வசை வாங்கியதில்லை. தைப்பவள் இயந்திரத்தை நிறுத்தினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியையும் பார்த்தாள். முகம் சற்றே சுருங்கியது.

"சண்டை போடாதீங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. ஒரு முடிவு பண்ணிடலாம்."

முடிவு என்ற சொல் கேட்ட தலைவன் அன்று அறைக்குள் நான்கு பெட்டிகளையும் அரையங்குலம் தள்ளி, நடுவிலே ஐந்தாவதற்கு ஆசனம் சமைத்தான். மனையரசி கதவருகே நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. இருவரும் சென்றனர். ஈரத்துணியால் பளபளவெனத் துடைத்து, பொத்தான்களை வேறு டப்பாவுக்கு மாற்றி, பூப்போல் ஏந்திவந்து அவள் அப்பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"தினமும் வந்து ரெண்டு பேரும் குறை சொல்லிட்டே இருந்தீங்க. எனக்கே வெக்கமாப் போச்சு. கடைக்கு வர்றவங்க இன்னும் எத்தனை பேரு மனசுக்குள்ள நினைச்சாங்களோன்னு இருந்துச்சு. அதான் சரி பண்ணிட்டேன். கிழிஞ்ச மூலையை நூல் போட்டுத் தெச்சுட்டேன். அந்த விரலை பிளேடால சுரண்டி எடுத்துட்டு நீல மை தடவிட்டேன். இப்ப அஞ்சுதான். எண்ணிப் பாருங்க."

தலைவன் கடைக்குரிய பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையினின்று எடுத்தான். எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. வானத்தில், ஒரு விரல் இருந்த இடத்தில், ஒரு விரலளவு நீலம் மட்டும் சற்றே அடர்த்தியாய் இருந்தது. யார் மீது வெகுள்வது? கத்தி அவளுடையது, கத்தியைத் தீட்டிக் கொடுத்தது நான்கு நாள் அவர்கள் வாய். சாலையில் மிதிவண்டியொன்று மணியடித்துப் போயிற்று. அதுவும் ஐந்து முறை.

"வேண்டாம்மா. நீங்களே வெச்சுக்கோங்க" என்றான் தலைவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பூதக்கண்ணாடியை மடக்கினான், குறுகிய பேன்ட்டோடு, கணுக்கால் தெரிய, சாலையைக் கடந்தான்.

மெக்கானிக் போகவில்லை. அவன் பெட்டியின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த அட்டையின் ஓரத்தை வானத்தின் நீலத்துக்கே பொருந்தும் நீலநூலால், எறும்பு வரிசைபோல் சமமான தையலிட்டு இணைத்திருந்தாள் அவள். அவன் நெடுநேரம் பார்த்தான். பின்னர், எட்டாண்டு காத்த குலமறை காற்றிற் பறக்க, வாய்தவறிச் சொல்லிவிட்டான்:

"ரொம்ப அழகா இருக்குங்க."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் தலைவன் நடந்ததைச் சொல்லி முடித்தபோது மனையரசி சிவப்புப் பேனாவை மூடினாள். "தப்பைத் திருத்தறதுக்கு நான் கூலி வாங்கறேன். பாவம், அவ சும்மா செஞ்சு கொடுத்திருக்கா" என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இரக்கப்பட்டவளாய், "அந்த நாலையும் அலமாரி மேல வெச்சுக்கோங்க, தூசி படாமத் துணி போட்டுத் தர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்குத் தச்சர் வந்தார். அறையின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், சன்னலோரம் நான்கரை அடிக்கு மேசை போட்டால் வெளிச்சம் நன்றாக விழும் என்று தீர்ப்பளித்தார். தலைவன் சத்தியம் தவறாதவன். அளவுநாடாவின் மறுமுனையை அவனே பிடித்தான்.

மெக்கானிக்கின் சட்டைகளில் அதற்குப் பிறகும் பொத்தான்கள் அறுந்தவண்ணம் இருந்தன; கோட்டை வீழ்ந்தபின்னும் முற்றுகையை விலக்காத படைத்தலைவன்போல், வாரம் மும்முறை முக்காலியில் அவன் அமர்வதைக் கண்ட தெருவும், கட்டடமும், எதிர்ச்சன்னல்களும் தத்தம் கணிப்பை உரக்கவே கூறின; நான்காம் திங்களிலே, மலர்மாரி பொழியாத, சங்கு முழங்காத, சாட்சிக் கையெழுத்துக்குப் பேனா மட்டும் கைமாறிய பதிவு அலுவலக மேசையின் முன்னே, தையற்செல்வியும் லிஃப்ட் வேந்தனும் இல்லறமெனும் பெருங்கலத்தில் ஏறி அமர்ந்தனர். சாட்சியாய் நின்றவன் கண்ணாடிக் கடைக் காவலன், பேன்ட் புதியது.

அடுத்த மாதம் புதுமணத் தம்பதியர் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். அங்கே தண்ணீர் நன்றாக வருகிறதாம்.