முறை தெரிந்த அரக்கன்

கோட்டையூர்,
ஐப்பசி 5, செவ்வாய்க்கிழமை.

நெற்குப்பையில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி முத்துக்கருப்பன் அவர்களுக்கு, கோட்டையூர் சேவுகப்பெருமாள் இரு கைகளையும் கூப்பி எழுதுவது.

தாங்களும் சம்பந்தியம்மா அகிலாண்டேஸ்வரியும் மாப்பிள்ளை முத்தரசும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாகவல்லிக்கு முழங்கால் வலி வழக்கம்போல், எனக்குச் சர்க்கரை வழக்கம்போல், மழை மட்டும் வழக்கத்தை விடக் கூடுதல். போனில் பேசலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம், பிறகு "சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஒரே நேரத்தில் உபசாரம் செய்துவிட்டு ஒன்றும் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இப்போது என் முறை, படித்து முடித்ததும் உங்கள் முறை. இந்த 'முறை' என்ற ஒரு வார்த்தையால்தான் இத்தனையும் நடந்தது என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், போன வாரம் திங்கட்கிழமை தங்கள் வீட்டு வாசலில் குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய ஒன்பது தாம்பாளங்களுக்கும் ஒரு வெள்ளாட்டுக் கிடாய்க்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மதியம், என் மகளும் தங்கள் மருமகளுமான சத்தியப்பிரியா ஒரு பெட்டியோடும் லேப்டாப் பையோடும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் மாப்பிள்ளை இல்லாமல் தனியாக வந்து நிற்கிறாளே என்று எங்களுக்குப் பகீரென்றது. என்னம்மா என்று கேட்டோம். "கருப்பம்மா செத்துப் போச்சு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வீட்டுல எனக்கு முறையே கிடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாகவல்லிக்குப் புரியட்டும் என்று அவள் தமிழில் சொன்னதுதான் தப்பு. 'டர்ன்' என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, வம்பும் வந்திருக்காது.

கருப்பம்மாள் யார் என்று நாங்கள் இருவரும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். தங்கள் வீட்டுப் பக்கம் ஏதோ ஒரு பெரியம்மா என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை நாகவல்லி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்கக் கூடாதே என்று நயமாக, "கேள்விப்பட்டேன், எப்ப எடுத்தீக?" என்றாள். "புதன்கிழமையே எடுத்துட்டோம்" என்றார் சம்பந்தியம்மா. "கூட்டமா?" "தாங்க முடியல, தீபாவளி பாருங்க. வரிசையில நின்னு எடுத்தோம். ஆனா நல்லா அடக்கமா அமைஞ்சு போச்சு, இவுகளுக்கும் ரொம்பத் திருப்தி." நாகவல்லி போனை வைத்துவிட்டு வந்து அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். தீபாவளிச் சேலை எடுத்ததைத்தான் சொன்னார்கள் என்று மறுநாள் வரை எங்களுக்குத் தெரியாது. துக்கத்தை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற வீட்டிலா பெண்ணைக் கொடுத்தோம் என்று நான் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது முறை. முறை கிடைக்கவில்லை என்றால் சீர் குறைந்துவிட்டது, தலைதீபாவளிக்குச் செய்ததில் குறை கண்டு இந்தத் தீபாவளிக்குப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள் என்பது நாகவல்லியின் கண்டுபிடிப்பு. நேராகக் கேட்கிற சம்பந்தி இல்லை அவர், முகத்தில் காட்டுகிற சம்பந்தி என்று தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை விழுந்தது, மன்னிக்கவும். தாய்மாமன் என்கிற உரிமையில் என் மைத்துனர் பாண்டிமுருகன் சீர்த் தாம்பாளங்களோடு புறப்பட்டார். எதையும் குறைவாகச் செய்து பழக்கமில்லாதவர், கிடாய் அவராகச் சேர்த்தது. அது தங்கள் வாசலில் இருந்த ரோஜாச் செடியைத் தின்றதற்கு அவர் சார்பில் நான் வருத்தம் தெரிவிக்கிறேன். திரும்பி வந்தவர், "மச்சான், மாப்பிள்ள முழிக்கிறாரு. எதுக்கு இதெல்லாம்னு கேக்குறாரு. சம்பந்தி நாலு தரம் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுக் கிடாயப் பாக்குறாரு" என்றார். இதைக் கேட்ட சத்தியப்பிரியா அறையிலிருந்து வெளியே வந்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு லேப்டாப்பைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

சம்பந்தி, கருப்பம்மாள் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வைத்தியச்சி. ஆறு பேர் கொண்ட கூட்டம் ஒன்றை நாம் காடு மலை எல்லாம் நடத்திக்கொண்டு போக வேண்டும். வாள்காரன், வில்காரி, மந்திரவாதி, பூட்டுத் திறக்கிறவன் என்று ஆளுக்கு ஒரு வேலை. அடிபட்டவர்களைக் குணமாக்குகிறவளுக்குத்தான் என் மகள் கருப்பம்மாள் என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மூன்று பேர், இவளுக்கு மூன்று பேர், இரண்டு பேரும் சேர்ந்தே இரண்டு மாதமாக ஆடியிருக்கிறார்கள். சண்டை வந்தால் அதை நடத்த இரண்டு வழி உண்டாம். ஒன்று, முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக அடிப்பது. இன்னொன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வது. ஆரம்பிக்கும்போதே இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. மாப்பிள்ளை இவளைக் கேட்காமலே இரண்டாவதைச் சொல்லிவிட்டார்.

முறை வைத்து ஆடுவதை எனக்கு முதலில் காட்டினாள். நான் பார்த்ததைச் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஓர் அரக்கன் வந்தான். பனைமர உயரம், கையில் கோடாரி. ஓங்கிவிட்டான். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். "பயப்படாதீகப்பா, இப்ப உங்க முறை" என்றாள். "அவன் ஓங்கிட்டானேம்மா?" "ஓங்கினா என்ன, அவன் முறை வந்தாத்தான் அடிப்பான்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய்க் காபி குடித்தேன். வந்து பார்த்தேன், நிற்கிறான். ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்று சர்க்கரை வாங்கிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தேன். நிற்கிறான், சம்பந்தி! மூச்சு விடுகிறான், காலை மாற்றி வைக்கிறான், ஆனால் அடிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக விசில் ஊதியவன் நான். பத்துப் பத்துக்குத் தேவகோட்டை வண்டி, பத்துப் பதினாலுக்குத் திருப்பத்தூர் வண்டி என்று எழுதிப் போட்டிருந்தும், நாலு நிமிடத்துக்காக இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதை எத்தனை தடவை விலக்கிவிட்டிருப்பேன். நான் ரிட்டையர் ஆகும்வரை ஒருவனும் இந்த அரக்கனைப் போல் நின்றதில்லை.

திரையின் மேல் ஓரத்தில் யாருக்கு அடுத்து யார் என்று எல்லோர் முகமும் வரிசையாக இருக்கிறது. என் டைம் போர்டேதான். அதில் தவளை போல் ஒரு பிராணி முதலில் இருந்தது, கவசம் போட்ட என் வாள்காரன் ஐந்தாவது. தாயக்கட்டை மாதிரி ஒன்று உருளுமாம், அந்த எண்ணும் அவரவர் வேகமும் சேர்ந்து வரிசையை முடிவு செய்யுமாம். கவசத்தின் கனத்தால் நம் ஆள் பின்னால் போய்விட்டான். ஆனால் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. 'நான் யாரென்று தெரியுமா' என்று கேட்கவில்லை. நம் ஊரில் கோயில் மரியாதைக்கு இப்படி ஒரு கட்டை உருட்டினால் எத்தனை வழக்குகள் கோர்ட்டுக்கே போயிருக்காது என்று நினைத்துப் பார்த்தேன்.

நியாயம் கேட்கிறவன் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பதால் மாப்பிள்ளையின் வழியையும் ஆடிப் பார்த்தேன். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் ஆறு பேரும் செத்துக் கிடந்தார்கள். பொங்கலுக்கு முதல் நாள் மதுரை வண்டி வந்து நின்றால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே கதவில் மோதுவார்களே, அந்தச் சந்தடிதான். அப்போது என் மகள் ஒரு நீளப் பொத்தானைத் தட்டினாள். எல்லாம் நின்றது. விட்ட அம்பு பாதி வழியில் நிற்கிறது. நெருப்பு அசையாமல் நிற்கிறது. விழப்போனவன் விழாமல் சாய்ந்தபடி நிற்கிறான். நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுபடி தட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "இதுல அவரு ரொம்பக் கெட்டிக்காரருப்பா. அவரு ஆடுறதப் பாத்தீகன்னா கண்ண எடுக்க மாட்டீக" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது, அதையும் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

பிறகு என்னம்மா சண்டை என்று கேட்டேன். "நிப்பாட்டுற பொத்தான் ரெண்டு பேருக்கும் இருக்குப்பா. நான் நிப்பாட்டுவேன், யோசிப்பேன். வாயத் தொறக்குறதுக்குள்ள அவரு ஓட விட்டுருவாரு. 'உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்'னு என் ஆளையும் அவரே நகட்டுவாரு. அன்னைக்குக் கருப்பம்மாளப் பின்னால கொண்டு போகணும்னு சொல்ல வந்தேன். முன்னால தள்ளிட்டாரு. செத்ததுக்கப்புறம் 'நீ லேட்டு'ங்கிறாரு" என்றாள். லேப்டாப்பை மூடினாள். "வீட்டுலயும் அப்படித்தான்பா. அத்த 'என்னம்மா சமைக்கட்டும்'னு என்னையக் கேப்பாக, அவரு பதில் சொல்லுவாரு. போன மாசம் டாக்டரு 'எங்கம்மா வலிக்குது'ன்னு என்னையக் கேட்டாரு. அதுக்கும் அவருதான் சொன்னாரு, வேற எடத்த." எனக்குக் கோபம் வந்து, இப்போதே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்று எழுந்தேன். "உக்காருங்கப்பா. நீங்களும் அம்மாவ அப்படித்தான் வச்சிருக்கீக" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை நாகவல்லியைக் கூப்பிட்டு, "இது உன் முறை, நீ முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்று சொன்னேன். அவளுக்கு என் சர்க்கரை மேல் சந்தேகம் வந்து மாத்திரை போட்டீகளா என்று கேட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். ஒரு மணி இருபது நிமிடம், சம்பந்தி. நான் டைம் கீப்பர், பார்த்துத்தான் சொல்கிறேன். எத்தனையோ சொன்னாள், ஒன்றை மட்டும் எழுதுகிறேன். என் உத்தியோகத்தால் அவளுக்கு எந்த வண்டியிலும் டிரைவர் பக்கத்து முன் சீட்டு எப்போதும் உண்டு, கண்டக்டரிடம் நான் சொல்லி வைத்துவிடுவேன். அது என் வாழ்நாள் பெருமை. அந்த இஞ்சின் சூட்டிலும் டீசல் வாடையிலும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் குமட்டுமாம். கடைசிக்கு முந்திய வரிசையில் ஜன்னல் ஓரம்தான் அவளுக்கு ஆசையாம். "எனக்கு அந்த சீட்டு" என்று அவள் வாயெடுக்கும்போதெல்லாம், "கவலப்படாத, சொல்லி வச்சிட்டேன்" என்று நான் முடித்துவிடுவேனாம். முப்பத்திநாலு வருடம் ஒரு மனுஷி சொல்லவந்த ஒற்றை வாக்கியத்தின் பின்பாதியை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசவிட்டால் ஒரு மனுஷிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அன்று முழுவதும் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே சம்பந்தி, அறுபது மணி நேரம் ஆடிய ஆட்டம் போனால் போகிறது, மாப்பிள்ளை அதை விட்டுவிட்டு, முறை வைத்து ஆடும் வழியில் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். என் மகளின் எண்ணமும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, கட்டை உருட்டி வரிசை போட்டு, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பேசாமல் பேசித் தீர்த்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அன்று என் மகள் தங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும், அவள் சொல் அந்த வீட்டில் கடைசிவரை கேட்கப்படவும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு நாகவல்லியின் அன்பு, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். தங்கள் வயலுக்கும் கண்மாய்க்கும் இந்த மழை நல்லபடியாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
சேவுகப்பெருமாள்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பைக்கில் நனைந்துகொண்டே வந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, முறையின் மகிமையை அரக்கனிலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால் எதிரே நாற்காலி காலி. நாகவல்லி அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள்: "மாப்பிள்ள, 'நீ சொல்லு சத்யா, நான் கேக்குறேன்'னாரு. அவ வாயத் தொறந்தா, நீங்க பதில் சொன்னீக. மறுபடி அவளக் கேட்டாரு, மறுபடி நீங்க சொன்னீக. மூணாந்தரம் அவ கையப் பிடிச்சு அங்குட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. தகரக் கொட்டகைக்குக் கீழ நின்னு அவ பேசுறா, அவரு வாயே தொறக்கல." போய் எட்டிப் பார்த்தேன், உண்மைதான். பிறகு சத்தியப்பிரியா உள்ளே வந்து இந்தக் கடிதம் முழுவதையும் படித்தாள். "முறை வச்சு ஆடணும்னு நான் எப்பப்பா சொன்னேன்? எனக்கும் ஒரே நேரத்துல அடிக்கிற ஆட்டந்தான் பிடிக்கும்" என்றாள். கிழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே அவளே எழுதுகிறாள்.

மாமா, நாங்கள் நாளைக் காலையில் வருகிறோம். கருப்பம்மாள் சாவதற்கு முன்பு சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து அதே ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுவதாகப் பேசிக்கொண்டோம். நான் நிறுத்தினால் நான்தான் ஓட விடுவேன். மற்றதை அத்தையிடம் நானே சொல்கிறேன்.

சம்பந்தி, அவள் சொல்ல வருவது என்னவென்றால்

மாமா, பேனாவை வாங்கிவிட்டேன். – சத்தியப்பிரியா