டிக்கென்று ஒரு சத்தம்

"கேட்டுச்சா மாப்ள?"

"கேட்டுச்சு மாமா! டிக்குன்னு சுத்தமா கேட்டுச்சு!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தன் பழைய காருக்குள் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்குக்கு ஒரு முத்தம் கொடுத்தார். வெளியே, திறந்த கதவருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காரின் அடியில் காதைக் கொடுத்திருந்த மச்சினர் மெதுவாக எழுந்தார்.

பிரச்சினை ஓவர்டிரைவ். வேகமாகப் போகும்போது ஒரு சுவிட்சைத் தட்டினால், வேகம் குறையாமல் இன்ஜின் மட்டும் நிதானமாகச் சுற்றும், இரைச்சல் அடங்கும். ஒரு மாதமாக அது அடங்கவில்லை. போன தடவை தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது வழிநெடுகக் கத்திக் கத்திப் பேசி, போய் இறங்கியதும் சைகையில்தான் நலம் விசாரித்தாள் அவர் மனைவி.

"இந்த ஞாயித்துக்கிழமையும் தொண்டை கிழியணும்னா நான் பஸ்ல போறேன். நான் பஸ் ஏறினா நீங்க வண்டியை வித்துடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இவரும் ரோஷத்தில் "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்தக் கார் என்றால் அவருக்கு உயிர். அவருடைய வாய்தான் அதற்கு எமன்.

காரோடு வந்த புத்தகம் தெளிவாகச் சொன்னது. சுவிட்சைப் போட்டதும் 'டிக்' என்று கேட்டால் மின்சாரப் பக்கம் பழுதில்லை, ஆயில் பக்கம் பார்க்கவும்.

"கரண்ட் சுத்தம். ஆயில்தான் சரியில்ல" என்றார், கண் பரிசோதித்து நம்பர் எழுதித் தரும் தோரணையில்.

வியாழக்கிழமை ஆயிலை மாற்றினார்கள். ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் முன்பைவிட அலறியது. போதாக்குறைக்கு, வாசலில் இருந்து தெருமுனை வரை ஆயில் கோடு போட்டிருந்தது.

"எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாத்துடு மாப்ள."

மச்சினர் உட்கார்ந்தார். இவர் சுவிட்சைத் தட்டினார். டிக்!

"இந்தத் தடவை எனக்கே கேட்டுச்சே!"

வெள்ளிக்கிழமை ஃபில்டரைக் கழற்றப் போனார்கள். கை நுழையவில்லை என்று முன்சீட்டுகளைக் கழற்றினார்கள். அதன் பிறகும் நுழையவில்லை. தரைவிரிப்பு போயிற்று, கியர்பாக்ஸ் மூடி போயிற்று.

"ஹால்ல சோபா பக்கத்துல இது என்னங்க?"

"கார் சீட்டு."

"ஓவர்டிரைவ் சரியாயிடுச்சா?"

"கிட்டத்தட்ட."

"அது ஓவரா போகுதோ இல்லையோ, நீங்க ரொம்ப ஓவரா போறீங்க!"

சனிக்கிழமை கியர் கம்பி கையோடு வந்துவிட்டது. இவர் சீட்டு இல்லாத காருக்குள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மறுபடி சுவிட்சைத் தட்டினார். மச்சினரும் சளைக்காமல் உட்கார்ந்தார். டிக்! அந்த ஒரு சத்தத்தை நம்பித்தான் இருவரும் அன்று சாப்பிட்டார்கள்.

ஞாயிறு காலை வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தார்.

"ஓவர்டிரைவுக்குப் போற ஒயரே கழண்டு தொங்குது சார். மாட்டினா அஞ்சு நிமிஷம். ஆனா நீங்க கழட்டிப் போட்டதை எல்லாம் மாட்ட ரெண்டு வாரம் ஆகும்."

"ஒயர் கழண்டிருக்கா? டிக்குன்னு கேக்குதேய்யா!"

"கரண்டே போகலையே, எப்படிக் கேக்கும்?"

"நாலு நாளா ரெண்டு பேர் கேட்டிருக்கோம். ரெண்டு பேருக்குமா காது கோளாறு?" கண்ணாடிக் கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வா மாப்ள, இவருக்குக் காட்டுவோம்!"

அவர் வாளியில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். மச்சினர் காரோரம் உட்கார்ந்தார்.

டிக்!

"இப்ப என்ன சொல்றீங்க?"

மெக்கானிக் கையை உயர்த்தினார். கழண்ட ஒயரின் நுனி அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"ஒயர் இங்க இருக்கு சார்."

மூன்று பேரும் காரையே வெறித்துப் பார்த்தார்கள்.

பஸ்ஸுக்குக் கிளம்பிப் பையோடு படியிறங்கிய மனைவி, குத்துக்காலிட்டிருந்த தம்பியைப் பார்த்து நின்றாள்.

"டேய், அந்த முட்டியை டாக்டர்கிட்ட காட்டுடான்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டியா நீ?"