சிவப்பு விளக்கின் சட்டம்

டிஜிட்டல் கேமராவுக்கு மாறிவிடுவது என்றும், மாறியதை என் மனைவியிடம் மூச்சுவிடுவதில்லை என்றும் ஒரே நாளில் இரண்டு முடிவுகள் எடுத்தேன். இரண்டில் எதற்குத் துணிச்சல் வேண்டும் என்பது மணமானவர்களுக்குத் தெரியும்.

மறைத்ததற்குக் காரணம் கேமரா அன்று, அறை. திருமணமான புதிதிலேயே சமையலறையை ஒட்டிய சிறிய அறையை இருட்டறையாக்கி, வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கொன்றை மாட்டியிருந்தேன். அது எரிந்தால் உள்ளே ஃபிலிம் கழுவப்படுகிறது. எவரும் கதவைத் திறக்கக்கூடாது. உலகில் எத்தனையோ சட்டங்கள் மீறப்பட்டன. இந்த ஒன்று மீறப்படவே இல்லை. கழுவ இனி எதுவுமில்லை என்று தெரிந்தால், மறுநாளே பழைய மெத்தைகள் அங்கே குடியேறிவிடும்.

ஆகவே மாலைதோறும் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஃபிலிம் கழுவும் தட்டுகள் காய்ந்து கிடக்க, அவற்றின் முன்னால் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே அவளும் எதிர்வீட்டு அக்காவும் சிரிப்பது கேட்கும். எதற்கென்று கேட்க ஆசை. யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்றிருக்கும். தட்டமாட்டார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

ஒருநாள் என் பழைய கேமராவை நீட்டினாள்.

"ஏங்க, நானும் அக்காவும் இதுல படம் எடுத்தோம். கழுவிக் குடுங்க."

"உனக்கு எடுக்கத் தெரியுமா?"

"கட்டை விரலால ஒரு தள்ளு, ஆள்காட்டி விரலால ஒரு அமுக்கு. இத்தனை வருஷமா வேற என்னத்தைப் பாத்தேன்?"

கழுவும் மருந்து தீர்ந்து மாதங்களாகியிருந்தன. கழுவ வழியில்லாதவன் கேமராவைத் திறந்து என்ன செய்வது? இருட்டறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு வழக்கமான நேரம்வரை இருந்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வெளியே வந்தேன்.

"எல்லாம் போச்சும்மா. வெளிச்சம் பட்டு ரோல் முழுக்கக் கறுப்பு."

"ஐயய்யோ! ஒண்ணுகூடத் தேறலையா?"

"ஒண்ணே ஒண்ணு லேசாத் தெரிஞ்சுது. நீ சிரிக்கிற மாதிரி."

"அப்படியா? நான் ஃபிலிமே போடலீங்களே."

அவள் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மருந்து வாடை இல்லாம நீங்க வெளிய வந்த அன்னிக்கே. புதுப் புருஷன் மாதிரி இருந்துச்சு."

"அப்பவே கேக்கறதுதானே?"

"தனியா இருக்கப் பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன்."

அன்றே சரணடைந்தேன். இனி மாலைகளில் அவளோடு உட்கார்ந்து பேசுவது, அலுக்கும்வரை அவளைப் படமெடுப்பது என்று மூன்றாவது முடிவையும் எடுத்தேன். மறுநாள் அலுவலகம் விட்டதும், புதுக் கேமராவும் கையுமாக ஓடிவந்தேன்.

கூடம் காலி. இருட்டறைக்குள் இரண்டு பெண்களின் சிரிப்பு. தட்டுவதற்குக் கையை ஓங்கினேன்.

"திறந்துடாதீங்க! வெளிச்சம் பட்டுடும்!" என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.