மிதமான ஏற்றம், மேற்கே சூலம்

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்,
18-8-1958

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் துரைசாமி அவர்கள் சமூகத்துக்கு வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை தங்கமும் மகள் சிவகாமசுந்தரியும் சௌக்கியம். சௌக்கியமில்லாத விவரங்கள் பின்வருமாறு.

நீங்கள் ஈப்போவில் பார்த்துச் சொன்ன வரனின் தகப்பனார், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி சேதுபதி அவர்கள், விடுமுறையைக் கழிக்கவும் நம் பெண்ணைப் பார்க்கவுமாகச் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பதால், மிதமான ஏற்றமும் கண்ணுக்கு இதமான காட்சியும் உள்ள பாதையாகப் பார்த்து வைக்கும்படி முன்பே எழுதியிருந்தார். முப்பது வருஷமாக இந்தத் தீவில் இருக்கிறேன்; பஸ் போகாத இடத்துக்கு நான் போனதில்லை. எதிரே சரபத் கடை வைத்திருக்கும் யாக்கூப்பிடம் விசாரித்தேன். "மெக்ரிச்சி நீர்த்தேக்கம் ஒரே தட்டை. ஃபேபர் மலையில வெயில். புக்கிட் தீமாவுல நிழல் உண்டு. ஆனா நடக்கிறதுக்கு மலை எதுக்குண்ணே? கடை வாசல்ல அஞ்சடிப் பாதை சும்மாதானே கிடக்கு?" என்றார். சம்பந்தியாகப் போகிறவரைக் கடை வாசலில் நடக்கவிட முடியுமா? புக்கிட் தீமா என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை புறப்படும்போது தங்கம் பஞ்சாங்கத்தோடு வந்து, இன்றைக்கு மேற்கே சூலம், மலையும் மேற்கே என்றாள். பரிகாரமாக வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம். சேதுபதிக்கு வெல்லம் ஆகாது. தின்னாவிட்டாலும் கூட இருந்தால் போதும் என்று இருவரும் கலந்து பேசி, ஓர் அச்சு வெல்லத்தை அவர் கோட்டுப் பையில் வைத்தார்கள். அதோடு சேதுபதி விட்டாரா? வாசலை விட்டுக் கிளம்புகிற திசைதான் கணக்கு என்று என்னைக் கிழக்கே கேலாங்குக்கு பஸ் ஏற்றி, அங்கிருந்து திரும்ப நம் வீட்டு வழியாகவே மேற்கே கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற தங்கம் எங்களுக்குக் கை காட்டினாள்.

மலையடியில் இறங்கும்போது நடுப்பகல். ஏறும்போது பேச முடிந்தால்தான் ஏற்றம் மிதம் என்பது அவர் கொள்கை, மச்சான். அதைச் சோதிக்க வழிநெடுக என்னைக் கேள்வி கேட்டார். எனக்கு மூச்சு வாங்கி, தலையை ஆட்டிக்கிட்டே போனேன். கல்யாணத்தை ஈப்போவிலேயே வைக்க நான் சம்மதிச்சுட்டேன்னு நினைக்கிறேன். பாதி வழியில ஒரு குரங்கு நேரா அவர் பையைப் பார்த்து வந்தது. வெல்லத்தைத் தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னேன். அவர் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சூலத்துக்கு வச்சதைக் குரங்குக்குக் கொடுத்துட்டா, நாம வீடு போய்ச் சேர வேணாமா?"ன்னார். குரங்கு அவரோட விவாதம் பண்ணலை. கோட்டுப் பையைக் கிழிச்சு வெல்லத்தையும், போகிற போக்கில் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு.

கண்ணாடி இல்லாம அவருக்குத் தன் கையே தெரியாது. ஆனாலும் காட்சி பார்க்காம இறங்க மாட்டேன்னுட்டார். உச்சியில நின்னு, "என்ன தெரியுது, சொல்லுங்க"ன்னார். மழை மேகம் மூடி ஒண்ணுமே தெரியலை. பெண்ணோட வாழ்க்கையாச்சே. ஜொகூர் தெரியுது, கப்பல் தெரியுது, கப்பல் தட்டுல ஒருத்தர் வேட்டி காயப்போடறார்னு சொன்னேன். "என்ன கரை?"ன்னார். பச்சைன்னேன். அதுக்கப்புறம் வீடு வரைக்கும் அவர் வாயே திறக்கலை. ராத்திரி தோசையைத் தடவிப் பார்த்துச் சாப்பிட்டுப் படுத்துட்டார்.

என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நானும் தங்கமும் பயந்துபோயிருக்கிறோம். சிவகாமசுந்தரியோ, பார்க்க வாங்கிய பையன் படத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. குரங்குக்கும் நம் குடும்பத்துக்கும் யாதொரு உறவும் இல்லை என்பதை நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்லி, எப்பாடு பட்டாவது இந்தக் கல்யாணத்தை முடித்துத் தர வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் படிப்பும் உங்கள் உடம்பும் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
வேலாயுதம்

பி.கு.: சேதுபதி இப்போதுதான் பேசினார். கண்ணாடி போட்டுக்கொண்டுகூட இவ்வளவு தெளிவான காட்சியை அவர் பார்த்ததில்லையாம். மலைப்பில் வாயடைத்துப் போயிருந்தாராம். சம்பந்தம் முடிவாகிவிட்டது. வருகிற தையில் ஓய்வு பெற்று நம் தெருவிலேயே குடியேறி, தினமும் என்னை மலைக்கு அழைத்துப் போவார். நாளைக்கு ஃபேபர் மலை. ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொண்டு, நடமாட முடியாத தகப்பனார் உள்ள வரன் ஏதும் இருந்தால் உடனே தந்தி அடிக்கவும்.